வக்கீல் அல்லாதவர் டிசபிலிட்டி கேஸ் எடுத்து நடத்தலாமா? (அமெரிக்கா, சோஷியல் செக்யூரிட்டி)

மதுரைக்காரி_டாலஸ்

எல்லோருக்கும் வணக்கம். மெடிக்கல் பில்லிங்கில் பல வருடமாக இருக்கிறேன். டாக்டர் கிறுக்கியதைப் படிப்பது, இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டுவது எல்லாம் தினப்படி வேலை. சமீபத்தில் தெரிந்த ஓர் அம்மாவுக்கு டிசபிலிட்டி (நோயாலோ ஊனத்தாலோ வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசு தரும் தொகை) படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன். அதைத் தரும் அரசுத் துறையான சோஷியல் செக்யூரிட்டியின் ஹியரிங்கில் (ஜட்ஜ் முன் நடக்கும் விசாரணை) வக்கீல் அல்லாதவரும் விண்ணப்பதாரருக்காக ஆஜராகலாம், ஃபீஸும் வாங்கலாம் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். இது நிஜமா? இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இங்கே யாராவது உண்டா? வருமானம் கையைக் கடிக்காமல் வருமா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கொலம்பஸ்_ரெப்

நிஜம்தான். நானே செய்துகொண்டிருக்கிறேன், வக்கீல் படிப்பு கிடையாது.

விதிப்படி, நல்ல நடத்தை உள்ளவர், விண்ணப்பதாரருக்கு உருப்படியாக உதவக்கூடியவர், தடை செய்யப்படாதவர் யாராக இருந்தாலும் பிரதிநிதியாகலாம். விண்ணப்பதாரர் எஸ்எஸ்ஏ-1696 என்ற படிவத்தில் உங்களை நியமிக்க வேண்டும். சொந்த மகனோ மருமகளோ இலவசமாகச் செய்வதென்றாலும் இதே படிவம்தான். ஃபீஸ் வேண்டாம் என்று அதிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.

பணம் வாங்குவது என்று வந்தால் இரண்டு வகை. ஒன்று, கேஸ் ஜெயித்தபின் விண்ணப்பதாரருக்கு முந்தைய மாதங்களுக்காகச் சேர்ந்து வரும் பாக்கித் தொகையில் 25 சதவீதம் அல்லது உச்சவரம்பு, இரண்டில் எது குறைவோ அது. உச்சவரம்பு 2009லிருந்து 6,000 டாலராகவே கிடந்தது. 2022 நவம்பரில் 7,200 ஆனது, 2024 நவம்பர் 30 முதல் 9,200. அதாவது பாக்கி 20,000 வந்தால் உங்களுக்கு 5,000. பாக்கி 60,000 வந்தால் கணக்குப்படி 15,000 வர வேண்டும், ஆனால் 9,200 தான். தோற்றால் ஒரு சல்லி கிடையாது. இந்த ஒப்பந்தத்தைத் தீர்ப்பு வருவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது வழி: எத்தனை மணி நேரம் என்ன செய்தேன் என்று கணக்கெழுதி ஃபீஸ் மனு போட வேண்டும். அதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

வக்கீலுக்கு அந்தப் பணத்தை சோஷியல் செக்யூரிட்டியே பிடித்து நேராக அனுப்பிவிடும். நமக்கு அப்படி அனுப்ப, நேரடிப் பட்டுவாடாவுக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். 2004 சட்டத்தில் சோதனையாக ஆரம்பித்து 2010ல் நிரந்தரமாக்கிய ஏற்பாடு அது. டிகிரி வேண்டும் (அல்லது ஹைஸ்கூலும் நான்கு வருடம் சம்பந்தப்பட்ட அனுபவமும்), எழுத்துத் தேர்வு பாஸாக வேண்டும், குற்றப் பின்னணிச் சோதனை, தொழில் பொறுப்புக் காப்பீடு, தொடர்கல்வி. அதோடு ஒரு 24 மாத காலத்துக்குள் குறைந்தது ஐந்து பேருக்குப் பிரதிநிதியாக இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தகுதி வரும்வரை ஃபீஸை அனுமதிப்பார்கள், வசூல் உங்கள் பாடு. பாக்கி மொத்தமும் விண்ணப்பதாரர் கணக்கில் விழுந்துவிடும். இரண்டு வருடமாக வாடகை பாக்கி வைத்திருந்தவர் கையில் பணம் வந்ததும் யாருக்கு முதலில் கொடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டப்புள்ளி

நான் வக்கீல். நியூஜெர்சியில் இதே வேலை. ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வக்கீலுக்கும் அதே 25 சதவீதம், அதே 9,200. விலை ஒன்றாக இருக்கும்போது ஒருவர் ஏன் வக்கீல் அல்லாதவரிடம் போக வேண்டும்? ஹியரிங்குக்கு மேலே உள்ள அப்பீல்ஸ் கவுன்சிலிலும் தோற்றால் அடுத்தது ஃபெடரல் கோர்ட். அங்கே நீங்கள் காலடி வைக்க முடியாது. அப்போது அந்த மனிதர் 60 நாளுக்குள் புது வக்கீல் தேடி அலைய வேண்டும். வேறொருவர் நடத்திய ஹியரிங்கின் பதிவைப் பார்த்தால் எங்களுக்கே பாதி நேரம் வயிறு கலங்கும். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

கொலம்பஸ்_ரெப்

கோபம் எதற்கு, நியாயமான கேள்வி. கோர்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் ஒப்பந்தம் போடும் அன்றே அதை எழுத்தில் சொல்லிவிடுகிறேன், கேஸ் தோற்கும் வாடை வந்தால் வக்கீலிடம் முன்கூட்டியே பேசியும் வைக்கிறேன்.

ஆனால் கேள்வி கேட்காமல் விடுவது வக்கீல் பட்டம் இல்லாததால் வருவதில்லை. கோப்பைப் படிக்காததால் வருவது. பெரிய பெரிய ஆபீஸ்களில் ஹியரிங் அன்று காலையில்தான் வக்கீல் விண்ணப்பதாரரிடம் முதல் தடவையாகப் பேசுகிறார். என்னைக் கேட்டால், இந்தக் கேஸ்களில் ஜெயிப்பதும் தோற்பதும் ஹியரிங்குக்கு ஒரு வருடம் முன்பு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும்போதே முடிவாகிவிடுகிறது.

ஓர் உதாரணம். இந்தியன் கிராசரிக் கடையில் வேலை பார்த்தவர். வயது 55 தாண்டிவிட்டது, இடுப்பில் டிஸ்க் போய்விட்டது. வேலை வரலாறு படிவத்தில் (எஸ்எஸ்ஏ-3369) அவர் பையன் ஒரே வார்த்தையில் "கேஷியர்" என்று எழுதிவிட்டான். கேஷியர் என்றால் சோஷியல் செக்யூரிட்டி பார்க்கும் வேலை அகராதியில் லேசான வேலை, அதிகபட்சம் 20 பவுண்டு தூக்குவது. ஜட்ஜ் இவரால் லேசான வேலை செய்ய முடியும் என்று நினைத்தால், "உன் பழைய வேலைக்கே போ" என்று பழைய வேலையைச் செய்ய முடியுமா என்று பார்க்கும் நான்காவது படியிலேயே கதை முடிந்தது. கேஸ் என்னிடம் வந்தபின் உட்கார்ந்து கேட்டேன். காலையில் லாரி வந்தால் யார் இறக்குவது? அவர்தான். அரிசி மூட்டை எவ்வளவு? 20 பவுண்டும் உண்டு, 40ம் உண்டு. கல்லாவில் எவ்வளவு நேரம்? சாயங்காலம் கூட்டம் வரும்போது மட்டும். படிவத்தைத் திருத்தி மறுபடி கொடுத்தோம், கடை முதலாளியிடம் ஒரு கடிதமும் வாங்கினோம். ஹியரிங்கில் வேலைவாய்ப்பு நிபுணரிடம் (எந்த வேலைக்கு என்ன தேவை என்று சாட்சி சொல்பவர்) ஜட்ஜே கேட்டார், இது இரண்டு வேலை சேர்ந்த வேலையா என்று. ஆமாம் என்றார். அப்படிக் கலவையான வேலையை, பொதுவாகக் கேஷியர்கள் செய்வதை வைத்து எடைபோட முடியாது, இவர் செய்ததை வைத்துத்தான். 40 பவுண்டு தூக்க இவரால் முடியாது. 55க்கு மேல், லேசான வேலை மட்டுமே முடியும், வேறு வேலைக்கு எடுத்துப் போகும்படி திறனும் இல்லை என்றால் அவர்கள் அட்டவணையே "ஊனமுற்றவர்" என்று சொல்லிவிடும். பெரிய வாதம் ஒன்றும் நான் செய்யவில்லை.

சட்டப்புள்ளி

நல்ல வேலை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா ரெப்பும் (வக்கீல் அல்லாத பிரதிநிதியும்) உங்களைப் போல உட்கார்ந்து கேட்பதில்லை.

கொலம்பஸ்_ரெப்

எல்லா வக்கீலும் கேட்பதில்லை.

ரேவதி_க

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மாமியாருக்கு ருமடாய்ட் ஆர்த்ரைட்டிஸ். அவரிடமே கேட்டு நான்தான் படிவம் நிரப்புகிறேன். அன்றாட வாழ்க்கை பற்றிய படிவத்தில் (3373) "சமைப்பீர்களா?" என்று இருக்கிறது. அவர் "ஆமா, தினமும் சமைக்கிறேன்னு எழுது" என்கிறார். எழுதலாமா?

கொலம்பஸ்_ரெப்

தங்கச்சி, பொய்யும் எழுத வேண்டாம், பாதியும் எழுத வேண்டாம். அடுப்படியில் பக்கத்தில் நின்று ஒரு நாள் பாருங்கள். காய் யார் நறுக்குகிறார்கள்? குக்கர் மூடியை யார் திருகுகிறார்கள்? நின்று தாளிக்கிறாரா, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தா? பாதியில் போய்ப் படுக்கிறாரா? ரசம் மட்டும் வைத்துவிட்டு "நான்தான் சமைத்தேன்" என்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் பழக்கம். அதை அப்படியே எழுதினால், "விண்ணப்பதாரர் தினமும் குடும்பத்துக்குச் சமைக்கிறார்" என்று நிராகரிப்புக் கடிதத்தில் திரும்பி வரும். அந்தப் படிவமே எவ்வளவு நேரம் ஆகிறது, நோய் வந்தபின் என்ன மாறியது என்றும் கேட்கிறது. அங்கே எழுதுங்கள்.

டாக்டரிடமும் இதே கதை. கௌரவம் பார்த்து வலியைச் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்தால், அவர் நன்றாக இருக்கிறார் என்று எழுதி வைப்பார். அதுதான் ஆதாரம். முன்பெல்லாம் சிகிச்சை செய்யும் டாக்டரின் கருத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. 2017 மார்ச் 27 முதல் போட்ட விண்ணப்பங்களுக்கு அது கிடையாது. யார் சொன்னாலும் அதற்குப் பின்னால் பரிசோதனை இருக்கிறதா, மற்ற ரெக்கார்டுகளோடு ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். "இவரால் வேலை செய்ய முடியாது" என்று டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அது செல்லாக்காசு. எவ்வளவு நேரம் உட்கார முடியும், விரலால் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் வராமல் இருப்பார் என்று கேட்டு வாங்குங்கள். மாதத்தில் இரண்டு மூன்று நாள் லீவு போடுகிறவருக்கு வேலை கிடையாது என்று பெரும்பாலான வேலைவாய்ப்பு நிபுணர்களே ஒப்புக்கொள்வார்கள்.

எடிசன்_வாசி

வேலைவாய்ப்பு நிபுணர் என்றதும் ஞாபகம் வந்தது. இவர்கள் நம்பியிருக்கும் வேலை அகராதி கடைசியாக 1991ல் திருத்தப்பட்டது என்கிறார்களே, அப்படியா? கடலை பொறுக்கும் வேலை, உறையில் விலாசம் எழுதும் வேலை எல்லாம் இருக்கிறதாமே!

சட்டப்புள்ளி

இருக்கிறது. இன்டர்நெட் வீட்டுக்கு வருவதற்கு முந்தைய அகராதி. பல வருடம் அந்த வேலைகளைக் காட்டியே ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2024ல் நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளை இனி நிராகரிப்புக்குக் காரணமாகக் காட்டக் கூடாது என்று சோஷியல் செக்யூரிட்டியே சொல்லிவிட்டது. அதே வருடம் இன்னொரு மாற்றம்: பழைய வேலை என்று 15 வருடம் பின்னால் போய்ப் பார்த்தது இப்போது 5 வருடம்தான். ரெப்பாக இருப்பவர் இந்த இரண்டையும் தெரிந்துகொண்டுதான் ஹியரிங்குக்குப் போக வேண்டும்.

யாழ்_ஸ்டேட்டன்

வணக்கம். நான் ஸ்டேட்டன் ஐலண்டில் இருக்கிறேன். அப்பாவுக்கு அசைலம் (அரசியல் தஞ்சம்) கிடைத்து நாலு வருஷம். இங்கே வேலை செய்ததில்லை. இரவில் நித்திரை இல்லை, ஆட்களோடு கதைக்க மாட்டார், ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவார். வயது 61. அவருக்கு ஏதாவது கிடைக்குமோ? ஆங்கிலமும் தெரியாது. அதைச் சொன்னால் உதவுமோ?

கொலம்பஸ்_ரெப்

தம்பி, அப்பா இங்கே வேலை செய்யாததால் எஸ்எஸ்டிஐ (வேலை செய்து வரி கட்டியவர்களுக்கான டிசபிலிட்டி தொகை) இல்லை. அதற்கு இங்கே வரி கட்டிய கிரெடிட் வேண்டும். இலங்கையோடும் இந்தியாவோடும் அமெரிக்காவுக்கு அந்தக் கிரெடிட்டைச் சேர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் கிடையாது, அதனால் ஊரில் செய்த வேலை கணக்கில் வராது. ஆனால் எஸ்எஸ்ஐக்கு (வருமானமும் சொத்தும் குறைவாக உள்ளவர்களுக்கான உதவித்தொகை) போடலாம். அசைலம் கிடைத்தவர்களுக்கு, கிடைத்த நாளிலிருந்து 7 வருடம் வரை அந்த வாசல் திறந்திருக்கிறது. நாலு வருடம் போய்விட்டது, தள்ளிப்போடாதீர்கள். குடியுரிமை வந்தால் அந்த 7 வருடக் கெடு போய்விடும்.

சொத்து வரம்பு தனி ஆளுக்கு 2,000 டாலர், கணவன் மனைவிக்கு 3,000. 1989லிருந்து அசையாத எண் அது! உங்கள் வீட்டில் ஓசியில் தங்கிச் சாப்பிட்டால் மாதத் தொகையில் குறைப்பு வரலாம். வாடகையில் அவர் பங்கைக் கொடுப்பதாக இருந்தால் அதை எழுத்தில் வையுங்கள்.

ஆங்கிலம் தெரியாதது முன்பு சில வயதுக்காரர்களுக்கு உதவியது. 2020 ஏப்ரலில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது எத்தனாம் வகுப்பு படித்தார் என்பதுதான், எந்த மொழியில் என்பது இல்லை. அதை நம்பி இருக்க வேண்டாம். அப்பாவுக்கு முக்கியம் சிகிச்சை. போரால் வந்த மனக்காயத்துக்கு சோஷியல் செக்யூரிட்டியின் நோய்ப் பட்டியலில் 2017லிருந்து தனிப் பிரிவே (12.15) இருக்கிறது. ஆனால் டாக்டரிடம் போகாத ஒருவருக்கு அந்தப் பிரிவு இருந்தும் பிரயோஜனமில்லை. முதலில் ஒரு மனநல மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள். ஹெலிகாப்டர் விஷயத்தை நீங்கள் பார்த்தபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

சட்டப்புள்ளி

ஒரு எச்சரிக்கை. அவர் அப்பாவுக்குக் குடியுரிமை விண்ணப்பம், ஆங்கிலத் தேர்வு விலக்கு இதையெல்லாம் இந்த ரெப் செய்து தர முடியாது. இமிகிரேஷன் ஆலோசனைக்கு வக்கீலோ, ஜஸ்டிஸ் டிபார்ட்மென்டின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதியோ வேண்டும். மதுரைக்காரி, நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்தால் முதல் நாளே "அக்கா, அப்படியே கிரீன் கார்டு பேப்பரும் பார்த்துடுங்க" என்பார்கள். மறுத்துவிடுங்கள்.

சேலத்து_மாம்பழம்

பணம் விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பையனுக்கு ஆட்டிசம். கோயிலில் அறிமுகமான ஒரு கன்சல்டன்ட், "எஸ்எஸ்ஐ வாங்கித் தருகிறேன்" என்று 1,500 டாலர் ரொக்கமாக முன்பணம் வாங்கினார். நானும் கணவரும் இருவரும் ஐடியில் சம்பாதிக்கிறோம். கடைசியில் எங்கள் வருமானத்தைக் காரணம் காட்டி முதல் வாரத்திலேயே நிராகரித்துவிட்டார்கள். பையனை ஒரு டாக்டர்கூடப் பார்க்கவில்லை. கன்சல்டன்ட் போனை எடுப்பதில்லை.

கொலம்பஸ்_ரெப்

அம்மா, இது கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி அனுமதிக்காமல் பிரதிநிதி ஃபீஸ் வசூலிப்பது சட்டவிரோதம். முன்பணம் வாங்கினாலும் தனி டிரஸ்ட் கணக்கில் போட்டு, அனுமதி வந்தபின்தான் தொட வேண்டும். அதன் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகத்துக்குப் புகார் கொடுங்கள், இணையத்திலேயே கொடுக்கலாம். ரொக்கம் கொடுத்ததற்கு வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

பையனைப் பற்றி: 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் வருமானத்தில் ஒரு பகுதி அவன் வருமானமாகக் கணக்காகும். இரண்டு ஐடி சம்பளம் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் முதல் வாசலிலேயே நின்றுவிடும். இதை அந்த ஆள் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். 18 முடிந்த மறு மாதம் உங்கள் வருமானம் கணக்கில் வராது. அப்போது அவன் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். பள்ளியின் ஐஇபி (சிறப்புக் கல்விக்கான தனித் திட்டம்) அறிக்கைகள், தெரபி குறிப்புகள் எல்லாவற்றையும் இப்போதிருந்தே ஒரு ஃபைலில் சேருங்கள். அவன் பெயரில் பாட்டி தாத்தா வங்கியில் பணம் போட்டு வைத்திருந்தால் 2,000 வரம்பு இடிக்கும், அதற்கு ஏபிள் கணக்கு என்று, ஊனமுள்ளவர்கள் அந்த வரம்பு இடிக்காமல் சேமிக்க ஒன்று இருக்கிறது, விசாரியுங்கள்.

மதுரைக்காரி_டாலஸ்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் சில சந்தேகம். முதல் ஐந்து கேஸ் எப்படிப் பிடிப்பது? அப்புறம், ரெக்கார்டில் விண்ணப்பதாரருக்குப் பாதகமான ஒரு பக்கம் இருந்தால் அதை எடுத்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாமா? பில்லிங் ஆபீஸில் தேவையானதை மட்டும்தான் அனுப்புவோம்.

கொலம்பஸ்_ரெப்

கூடாது. இதில் விளையாடாதீர்கள். 2015லிருந்து ஊனம் சம்பந்தமான எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும், நல்லதோ கெட்டதோ. எடுத்துவிட்டு மாட்டினால் உங்களைப் பிரதிநிதிப் பட்டியலிலிருந்தே நீக்கலாம். குடிப்பழக்கம் பற்றி ஒரு பக்கம் இருந்தால் அதையும் கொடுத்துவிட்டு, நிறுத்தியபின் எடுத்த ரெக்கார்டையும் சேர்த்துக் கொடுங்கள். அதோடு, ஹியரிங்குக்கு ஐந்து வேலை நாளுக்கு முன் ஆதாரங்களைக் கொடுக்க வேண்டும், அல்லது இன்னின்ன வரவேண்டியிருக்கிறது என்று எழுதித் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஜட்ஜ் பார்க்க மறுக்கலாம். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்கள் எவ்வளவு வேகம் என்பது உங்களுக்கே தெரியும், நான் தனியாகச் சொல்ல வேண்டுமா!

கேஸ் பிடிப்பது: தனியாகக் கடை போடாதீர்கள். வக்கீல் அல்லாதவர்களை வேலைக்கு வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே சம்பளத்துக்குச் சேருங்கள். முதல் விண்ணப்பம், மறுபரிசீலனை, ஹியரிங் என்று ஒவ்வொரு கட்டத்தையும் அவர்கள் செலவில் பழகலாம். தனியாக ஆரம்பித்தால் முதல் ஃபீஸ் கையில் வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை வீட்டுக் கடன் யார் கட்டுவது? என்ஏடிஆர் என்று எங்களைப் போன்றவர்களுக்கான சங்கம் இருக்கிறது, அவர்கள் வகுப்புகளும் நடத்துகிறார்கள்.

இன்னொன்று, நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எச்-4ல் (எச்-1பி வேலை விசாக்காரரின் துணைவருக்கான விசா) இருந்து, வேலை அனுமதி கார்டு இல்லையென்றால் ஃபீஸ் வாங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மதுரைக்காரி_டாலஸ்

கிரீன் கார்டு வந்துவிட்டது அண்ணா, அந்தக் கவலை இல்லை. சம்பளத்துக்குச் சேருவதுதான் சரி என்று தோன்றுகிறது. பில்லிங் வேலையை இப்போதைக்கு விடப்போவதில்லை.

சட்டப்புள்ளி

சேரும் நிறுவனத்தில் ஒருவருக்கு எத்தனை கேஸ் தருகிறார்கள் என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது, ஒப்பந்தத்தை வாசியுங்கள்: 2024 செப்டம்பர் இறுதியிலிருந்து பிரதிநிதியின் ஃபீஸை நேராக நிறுவனத்துக்கே மாற்றி எழுதிக் கொடுக்க முடிகிறது. அதில் தப்பில்லை, ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று தெரிந்து போடுங்கள்.

யாழ்_ஸ்டேட்டன்

அண்ணா, கடைசியாக ஒன்று. அப்பாவுக்காக நானே போய் மொழிபெயர்க்கலாமோ? அவருக்கு இந்தியத் தமிழ் கதைக்கிற ஆளை வைத்தால் சில நேரம் விளங்காது, அவர்களுக்கும் அப்பா சொல்வது விளங்காது.

கொலம்பஸ்_ரெப்

நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். சோஷியல் செக்யூரிட்டி இலவசமாகவே மொழிபெயர்ப்பாளர் தரும், ஆபீஸிலும் ஹியரிங்கிலும். நீங்கள் சாட்சியாக இருந்தால்தான் அப்பாவுக்கு அதிக லாபம். மகன் பார்த்ததை மகன் வாயால் சொல்வது வேறு. விண்ணப்பம் போடும்போதே இலங்கைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், ஹியரிங் நோட்டீஸ் வந்ததும் மறுபடி ஞாபகப்படுத்துங்கள். அப்படியும் வேறு ஆள் வந்து, அப்பா சொன்னது தப்பாகப் போனால், முடியும்வரை காத்திருக்காமல் அந்த இடத்திலேயே உங்கள் பிரதிநிதி குறுக்கிட்டு ஜட்ஜிடம் சொல்ல வேண்டும். அங்கே பேசுவது எல்லாம் ஒலிப்பதிவாகிறது. பதிவில் வராத ஆட்சேபணையை மேலே அப்பீலுக்குப் போகும்போது காட்டுவது கஷ்டம்.